காலையில் ஆடிய பாலம்

கண்காணிக்க ஆரம்பித்த முதல் நாளே பாலம் அலறியது.

விம்கோ நகர் அலுவலகத்தில் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி சாவியோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணூர் போகும் சாலையில், கால்வாயின் மேல் நிற்கும் பழைய பாலத்துக்கு அன்று காலைதான் சென்சார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். பாலத்தின் அதிர்வை அது உடனுக்குடன் அனுப்பும். அதைப் படித்து, பாலம் தாங்குமா தாங்காதா என்று இவன் சொல்ல வேண்டும்.

பச்சைக் கோடு முதன்முதலாக நெளிந்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து கடந்துபோன பாலம். அதற்குள் இப்படி ஓர் உயிர் ஓடுவது தெரியாமல் போயிற்றே.

அடுத்த நிமிஷம் கோடு சிவப்பாகி எகிறியது.

பாலத்தில் பணியில் இருந்த தலைமைக் காவலர் சிவந்திக்குப் போன் போட்டான்.

"மேடம், கன்டெய்னர் லாரியெல்லாம் நிறுத்துங்க. பாலம் ஆடுது."

"நான் அது மேலதான் நின்னுகினு கீறேன். ஒண்ணும் தெரியலயே சார்."

"நமக்குத் தெரியாது மேடம். மிஷினுக்குத்தான் தெரியும்."

லாரிகள் நின்றன. அவற்றின் பின்னால் சாலை முழுக்க நின்றது. கோடு படுத்துவிட்டது.

சாவியோவுக்கு உடம்பு சிலிர்த்தது. பாரத்தைக் குறைத்ததும் எப்படி அடங்குகிறது பார். ஆனால் முழுதாக அடங்கவில்லை. மெல்லிய நடுக்கம் ஒன்று விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"பைக்கு, ஆட்டோ, ஜனங்க, எதுவும் வேணாம் மேடம். எல்லாத்தையும் எறக்கிடுங்க."

"எறக்கி எங்க சார் அனுப்பறது?"

"கால்வா ஓரமா மண் ரோடு கீதே, அதுல சுத்திகினு போவட்டும்."

பாலம் காலியானது. கோடு திரையின் உச்சியை முட்டியது.

சாவியோ டீ கிளாஸைக் கீழே வைத்தான். மேலே ஈ, காக்கை இல்லை. பாலம் ஏன் இப்படிக் குதிக்கிறது? அவன் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. அந்த நேரம் பார்த்து மனைவி ஷைனி கூப்பிட்டாள்.

"பஸ்ஸைப் பாலத்தாண்ட நிறுத்திட்டான். நான் நடந்தே அந்தாண்ட போய்டட்டா?"

"வேணாம் ஷைனி. கிட்டயே போவாத. நான் வரேன்."

லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு பைக்கை எடுத்தான்.

இரண்டு பக்கமும் ஊரே நின்றிருந்தது. ஒரு ஹாரன் சத்தம் இல்லை. வண்டியே இல்லாத பாலத்தை அங்கே யாரும் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீருக்கு மேலே அது நீளமாக, தன்னந்தனியாக வெயிலில் கிடந்தது. தூரத்தில் மின் நிலையத்துப் புகைபோக்கிகள். லாரி ஓட்டுநர்கள் கைகட்டி நின்றார்கள். மீன்கூடைக்காரி ஒருத்தி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஷைனி வந்து அவன் தோளைப் பிடித்தாள். "எனக்கு ஆடற மாதிரியே தெரிலயே."

சாவியோ லேப்டாப்பைத் திறந்து காட்டினான். கோடு வெறி பிடித்ததுபோல் குதித்துக்கொண்டிருந்தது. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"போவாத சார்," என்றார் சிவந்தி.

அவன் போனான். நடுப்பாலத்தில் லேப்டாப்பை வைத்து, மண்டியிட்டு, தரையில் உள்ளங்கையைப் பதித்தான். கான்கிரீட் வெதுவெதுப்பாக இருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்க," என்றான், பாலத்திடம்.

கோடு நின்றது. ஒரு நெளிவு இல்லை.

அவன் எழுந்து கையை உயர்த்தினான். கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. சிவந்தி தொப்பியைக் கழற்றினார். ஓட்டுநர் ஒருவர் பாலத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கையால் தொட்டதும் அடங்கிய அந்தப் பெரிய உயிரை எண்ணி சாவியோ கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பாலத்து முனையில், மண் ரோட்டிலிருந்து ஏறிவந்த ஆட்டோ ஒன்று புழுதியோடு நின்றிருந்தது. அவன் அலுவலகத்தில் சென்சார் பொருத்தும் மஹீன் அதிலிருந்து இடுப்பைப் பிடித்தபடி இறங்கி, சின்னப் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

"கோச்சுக்காத சார், எவனோ பாலத்தை மூடிட்டானாம், மண் ரோட்டுல தூக்கித் தூக்கிப் போட்டு இஸ்துகினு வந்துட்டான். சென்சாரை வூட்லயே ஆன் பண்ணி எட்த்தாந்துட்டேன், எந்தத் தூண்ல ஒட்டணும்னு மட்டும் சொல்லு."