நில்லுங்க அக்கா

எந்த மனிதரையும் அவசரமாகப் போகவிடாத ஒரே பெண்மணி, லாஸ்பேட்டை அரசு குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘நில்லுங்க அக்கா’.

அவருடைய ஒரே மகள் ஜெனிக்கு டவுன் சிண்ட்ரோம். எதைக் கேட்டாலும் பதில் சொல்வாள், கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஊரில் எல்லோரும் அவளை விட்டுவிட்டு அம்மாவைத்தான் கேட்பார்கள். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது.

மாடிவீட்டு கிளார்க் ஒருநாள் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, “பாப்பா சாப்டுச்சா?” என்றார்.

“அவளயே கேளுங்க சார்.”

கேட்டார். கேட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

“கேட்டீங்கல்ல? நில்லுங்க. பதில் வருது.”

பாவம், நின்றார். அன்று ஆபீசில் அவருக்கு நல்ல அர்ச்சனை நடந்திருக்கும். கடைசியில் ஜெனி, “இட்லி. சட்னி நல்லாவே இல்ல” என்றாள். சட்னி அரைத்த அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

ஷேர் டெம்போவில் இன்னும் மோசம். “பாப்பா எங்க எறங்கும்?” என்று டிரைவர் கேட்டால், அக்கா வெளியே வேடிக்கை பார்ப்பார். ஜெனி யோசித்து “மார்க்கெட்” என்று சொல்லும்வரை வண்டி நகராது. “தெய்வக் குழந்தைம்மா” என்று உருகிய பக்கத்து சீட் அம்மாளிடம், “அந்தத் தெய்வந்தான் நேத்து என் செல்போன பக்கெட்ல போட்டுச்சு. நல்லா திட்டிட்டேன்” என்றார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கோயிலில் ஒரு சிக்கல் வந்தது. ஜெனியோடு ஞானோபதேச வகுப்பில் படித்த பிள்ளைகளெல்லாம், ஏசுவின் உடலாக நம்பும் நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்கும் புதுநன்மைக்குத் தயாரானார்கள். டீச்சர் ஜெனியை மட்டும் சேர்க்கவில்லை.

“அவளுக்கு என்னங்க புரியப்போவுது? வெள்ள ஃபிராக் போட்டு வரட்டும். ஆசீர்வாதம் வாங்கிட்டு போட்டோ எடுத்துக்கலாம்.”

அக்கா விறுவிறுவென்று ஃபாதரிடம் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். டீச்சரும் வந்தார். ஃபாதர் எங்கோ கிளம்பும் அவசரத்தில் பைக் சாவியோடு நின்றிருந்தார்.

“ஜெனி, நீ வீட்டுல சாப்புடற ரொட்டியும் கோயில்ல நான் குடுக்கறதும் ஒண்ணா?”

ஜெனி மின்விசிறியைப் பார்த்தாள். ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் ‘சொன்னேனே, கேட்டீங்களா’ என்ற முகத்தோடு எங்களைப் பார்த்தார்.

“நில்லுங்க ஃபாதர்” என்றார் அக்கா. இந்தமுறை குரல் நடுங்கியது.

“ரொட்டிய காப்பில தொட்டுக்கலாம்” என்றாள் ஜெனி. ஒரு யுகம் கழித்து, “ஏசுவ தொட்டுக்கக் கூடாது.”

ஃபாதர் விழுந்து விழுந்து சிரித்தார். “டீச்சர், இதுக்கு மேல நானே பிரசங்கம் வெக்க முடியாது. இவளையும் சேத்துக்குங்க.”

புதுநன்மை அன்று, பிரியாணிக்காகவே போன நான் கடைசி பெஞ்சில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெனி வெள்ளை ஃபிராக்கில், கைகூப்பி, வரிசையில் தன்பாட்டுக்குப் போனாள்.

“இவ பொறந்தப்ப, இவகிட்ட எதையும் எதிர்பாக்காதீங்கன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க தம்பி.”

“நீங்க சும்மாவா விட்டீங்க?”

“எங்க... நானும் நம்பிட்டேன்.”

சொல்லிவிட்டு, முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டே மகளைப் பார்த்துச் சிரித்தார். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. அன்றிலிருந்து அந்தக் குறை தெரியவில்லை.