பதினோராவது மாடி ஆன்டிக்கு எந்தப் போன் பத்திரம்?

கிள்ளானில் குடும்பத்தோடு சிறப்பாக வாழும் மதிப்புக்குரிய ஜெயராஜ் மாமா அவர்களுக்கு, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து உங்கள் தங்கை மகள் வாணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே லிஃப்டைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீங்கள் நலமா, மாதவி அத்தையின் முட்டிவலி குறைந்ததா என்று அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

போன மாதம் வந்திருந்தபோது, “தீபாவளிக்கு உனக்குப் புதுப் போன் வாங்கித் தரேன், ஐபோனா ஆண்ட்ராய்டா, எதுல ரகசியம் பத்திரமா இருக்கும்னு நீயே பாத்து எழுது” என்றீர்கள். நான் தலையாட்டினேன். எனக்குச் சரளமாக வருவது தலையாட்டுவது ஒன்றுதான். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டதற்கும் அதுதான் காரணம். வாய்மொழித் தேர்வில் எழுந்து நின்றேன், காற்று மட்டும் வந்தது. சேலைக் கடையில் ஃபால்ஸ் தைக்கும் வேலை எனக்குப் பிடித்திருப்பதும் அதனால்தான். சேலை யாரையும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ரமணி பெரியம்மாவின் அலமாரிக்குள் போனோடு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டால், பெரியம்மாவே என் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். அப்படிப் பிறந்தவர்தான் பதினோராவது மாடி ஆன்டி. நான் நெட்டில் போடும் வீடியோவில் அவருக்கு முகம் கிடையாது, ஒரு கார்ட்டூன் கொண்டையும் குரலும்தான். “லிஃப்ட் எப்ப ரிப்பேர் பண்ணுவன்னு மேனேஜ்மென்ட்டக் கேட்டா, நாளைக்குக் கீழ வந்து பேசுங்க ஆன்டிங்கிறான். நாளைக்கு நான் கீழ வரணும்னா இன்னைக்கே கெளம்பணும் லா!” என்று ஆன்டி சொன்னது எத்தனை பேர் போனுக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியும். நம் குடும்பக் குரூப்பில் அதை முதலில் அனுப்பியவரே பெரியம்மாதான். “இப்படியும் ஒரு பொம்பள இருப்பாளா லா” என்று சோறு போட்டுக்கொண்டே என்னைக் கேட்டார். தட்டைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அந்த ஆன்டி நான்தான் என்பதும், ஆன்டி உண்மையில் உங்கள் அக்காதான் என்பதும் உலகத்தில் உங்களுக்கு மட்டுமே தெரியும். பெரியம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே நானும் அம்மாவும் பெட்டியோடு படியிறங்க வேண்டியதுதான். வீடு அவருடையது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது மாமா. ஆன்டி வாயை மூடிவிட்டால் எனக்கு வேறு வாய் கிடையாது. ஆகவே இந்த ஆராய்ச்சியை நான் விளையாட்டாகச் செய்யவில்லை.

முதலில் ஆண்ட்ராய்டு. என்னிடம் இருந்தது பெரியம்மா மகன் ஜீவன் அண்ணனின் பழைய போன். நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தார், திரையை மட்டும். உள்ளே அவருடைய அக்கவுண்ட் அப்படியே இருந்தது, ஹாலில் இருக்கும் டிவியிலும் அதே அக்கவுண்ட். இது தெரியாமல் நான் “குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா” என்று ஒரு வீடியோ தேடிப் பார்த்தேன். சாயங்காலம் பெரியம்மா சீரியல் பார்க்க டிவியைப் போட்டால், குரலை மாற்றிப் பேசுவது எப்படி என்று வரிசையாக வீடியோ வந்து நிற்கிறது. பெரியம்மா டிவியைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். “யார்கிட்டப் பேசறதுக்குக் குரல மாத்துறீங்க?” ராதாகிருஷ்ணன் பெரியப்பா பேப்பரை இறக்கி, “இந்த வீட்டுல நான் பேசுறதே இல்லையே ரமணி, எதுக்கு மாத்தணும்?” என்றார். அதற்கும் சேர்த்து அவருக்குத் திட்டு விழுந்தது. பாவம், எனக்காக அவர் வாங்கிய முதல் திட்டு அது.

அடுத்தது பூட்டு. எங்கள் வீட்டில் எல்லார் போனுக்கும் ஒரே நம்பர், பெரியப்பா ஓட்டிய பழைய லோரியின் நம்பர். அது ஒரு தடவை லாட்டரிக் குலுக்கலில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த நான்கு எண்ணும் எங்களுக்குக் குலதெய்வம் மாதிரி, மாற்றினால் கோபித்துக்கொள்ளும். நான் மாற்றினேன். உடனே அம்மா, “நம்பர் மாத்தியிருக்கான்னா யாரோ பையன் இருக்கான்” என்று முடிவு கட்டிவிட்டார். போனில் என்ன இருக்கிறது என்பது அப்புறம் மாமா, பூட்டு இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் பெரிய சாட்சி. சரி, விரல் ரேகை வைக்கலாம் என்று வைத்தால், சுங்கை வே ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா, நான் தூங்கும்போது என் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தித் திறந்துவிட்டார். நல்லவேளை, ஆன்டியை ஒரு மூலையில் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா பார்த்ததெல்லாம் சேலை ஃபோட்டோதான். பையன் யாரும் இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியதுதான் எனக்கு வருத்தம்.

இதற்கு நடுவிலே கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. பெரியப்பாவின் போனும் ஆண்ட்ராய்டுதானே, தெரியாத நம்பரிலிருந்து “திருமண அழைப்பிதழ்” என்று வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. படமாக வரவில்லை, போனில் ஏற்ற வேண்டிய ஆப்பாக வந்திருக்கிறது. கூப்பிடறவங்கள யாருன்னு கேக்கறது மரியாதையா? பெரியப்பா அமுக்கிட்டார். போன் நல்ல போன் மாமா, குறை சொல்லக்கூடாது, “இது தெரியாத இடத்துலேர்ந்து வருது, விடலாமா” என்று ஒழுங்காகத்தான் கேட்டது. “சொந்தக்காரங்க பாதிப்பேரு தெரியாத எடத்துலேர்ந்துதான் வராங்க” என்று பெரியப்பா விடச் சொல்லிட்டார். மெசேஜ் படிக்கலாமா, சரி. நம்பரெல்லாம் எடுக்கலாமா, சரி. கல்யாண வீட்டுக்காரங்க கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா? கொஞ்ச நேரத்துல அவர் போனிலிருந்து ஊர்பூரா பத்திரிகை போயிருச்சு, லோரி ஸ்பேர்பார்ட்ஸ் கடை பாஸ் வரைக்கும். அவர் போன் பண்ணி ஜீவனுக்கா கல்யாணம்னு வாழ்த்துறார். பெரியம்மாவுக்கும் பத்திரிகை வந்துச்சு, ஆனா அவங்களுது ஐபோன், அது திறக்கவே மாட்டேன்னுருச்சு. இதுதான் ரெண்டு போனுக்கும் இருக்கற பெரிய வித்தியாசம்னு நான் புரிஞ்சுகிட்டேன் மாமா. ஆண்ட்ராய்டு கேட்டுட்டு விடும், ஐபோன் கேக்காமலே வெளிய நிறுத்திரும். ஆனா பெரியம்மா அத அப்படி எடுத்துக்கல. “எல்லாருக்கும் பத்திரிகை தொறக்குது, எனக்கு மட்டும் தொறக்கல. அந்த வீட்டுக்காரங்களுக்கு என்ன திமிரு பாத்தியா?” அது திருட்டு ஆப்புன்னு ஜீவன் அண்ணன் எவ்வளவோ சொன்னார். “திருட்டுக் கல்யாணமா இருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்கணும் லா!”

அப்புறம் பெரியம்மா உத்தரவு போட்டாங்க: “இனிமே இந்த வீட்டுல ஆண்ட்ராய்டே கூடாது. ஜீவா, எல்லா போனையும் வாங்கிச் செக் பண்ணு.” ஆன்டியோட எல்லாப் பாகமும் என் போன்லதான் இருக்கு. ஓடிப்போயி அரிசி டின்னுக்குள்ள போனப் போட்டு அமுக்கினேன். அன்னைக்குன்னு பார்த்து அம்மா பொங்கல் வைக்க வந்தாங்க. அவங்க படியைக் கையில எடுக்கறதுக்குள்ள நான் பாய்ஞ்சு அரிசிய அளந்து குடுத்தேன். “ஐயோ, வாணி தானா வந்து வேல செய்யுறா”ன்னு அம்மாவுக்குக் கண் கலங்கிருச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போனை அண்ணன்கிட்டக் குடுத்தேன். பெரியம்மா புது ஐபோன் வாங்கியிருந்தாங்க இல்ல, அவங்க பழைய ஐபோன் எனக்கு வந்துச்சு.

ஐபோன் ரொம்பக் கண்டிப்பு மாமா. மூஞ்சியக் காட்டினாத்தான் திறக்கும், அதுவும் கண்ணு முழிச்சிருக்கணும். அம்மா என் கண்ணிமையத் தூக்கிப் பார்த்தாங்க, நான் முழிச்சுகிட்டேன். மைக் ஓடினா மேல ஆரஞ்சு கலர்ல ஒரு பொட்டு வரும். (புது ஆண்ட்ராய்டுலயும் பச்சைப் பொட்டு வருதாம்.) நிம்மதியா அலமாரிக்குள்ள உட்கார்ந்து மூணு பாகம் பேசினேன். மறுநாள் நான் இன்னும் போடவே போடாத பாகம் நம்ம குடும்பக் குரூப்புல வருது! அனுப்பினது யாரு? பெரியம்மா! ஜீவன் அண்ணன்தான் ரெண்டு போனுக்கும் ஒரே அக்கவுண்ட் போட்டுக் குடுத்திருக்கார். “ஒரே குடும்பம்தான லா, எதுக்கு ரெண்டு?”ன்னார் அண்ணன். நான் பேசிப் பதிவு பண்றதெல்லாம் நேரா பெரியம்மா போனுக்குப் போய் உட்கார்ந்துருக்கு. பெரியம்மாவுக்கு அதுல ஒரு சந்தேகமும் வரல. “எனக்கு மட்டும் முன்னாடியே வருது பாரு. ஐபோன்னா ஐபோன்தான்!” ஒரு பதிவுல நான் இருமுறேன், ரெண்டு தடவ ‘ச்சே’ங்கறேன், கடைசியில வெளியிலேர்ந்து அம்மா “வாணீ, சோறு ஆறுது”ன்னு கத்துறாங்க. நான் அதக் கேட்டுட்டு செவுத்தோட செவுரா நின்னேன். பெரியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? “அந்த வீட்டுலயும் ஒரு வாணி இருக்கு போல. அதுவாவது பேசுமான்னு தெரியல.”

ஆகவே மாமா, என் ஆராய்ச்சியின் முடிவை ஒழுங்காக எழுதுகிறேன். இரண்டு போனுமே அந்நியனுக்குக் கதவைச் சாத்தும். ஐபோன் தானே சாத்திக்கொள்ளும், ஆண்ட்ராய்டில் நாம்தான் ‘வேண்டாம்’ என்று அமுக்க வேண்டும். இரண்டிலும் வருகிற அப்டேட்டை அவ்வப்போது போட்டுவிட வேண்டும். ஆனால் சொந்தக்காரரைத் தடுக்கும் போனை இன்னும் யாரும் செய்யவில்லை. எனவே பெரியம்மா தடை போட்டிருந்தாலும் எனக்குப் புது ஆண்ட்ராய்டே போதும். இந்த வீட்டில் எல்லாரும் இப்போது ஐபோன் பைத்தியம், விலை குறைந்த ஆண்ட்ராய்டை ஒருத்தரும் கையில் தொட மாட்டார்கள். யாரும் ஆசைப்படாத போன்தான் பத்திரமான போன். பெட்டியைப் பிரிக்காமல் கொண்டு வாருங்கள், அக்கவுண்டை நானே திறந்துகொள்கிறேன், ஜீவன் அண்ணன் கண்ணில் மட்டும் காட்டாதீர்கள்.

பத்துமலை முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் அத்தைக்கு நல்ல முட்டியையும் தரட்டும். பெரியவர்கள் பாதம் தொட்டும், சின்னவர்கள் கன்னம் கிள்ளியும் விடைபெறும்,

உங்கள் மருமகள்,
வாணி

பி.கு.: மாமா, மேல எழுதுனது எல்லாம் வீணாப் போச்சு. எழுதி முடிச்சு, பிழை இருக்கான்னு ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சேன். பெரியம்மா பேசுற இடமெல்லாம் பெரியம்மா மாதிரியே வந்துருச்சு, எனக்கு வேற மாதிரி வராது. பக்கத்துல ஒரு போனும் இல்ல. கதவு திறந்திருந்துச்சு. பெரியம்மா காப்பிக் கோப்பையோட வந்து நிக்கறாங்க: “மாதவி எப்ப வந்தா? குரல் கேட்டுச்சே!” ரூம்ல நான் மட்டும்தான். கடுதாசிய மடியில அமுக்கிட்டேன். அவங்க என்னைப் பார்த்தாங்க, சுத்திப் பார்த்தாங்க. “நீயா லா? பதினோராவது மாடி ஆன்டி நீயா?” தலையாட்டினேன். பெட்டி கட்ட வேண்டியதுதான்னு நினைச்சேன். பெரியம்மா கட்டில்ல உட்கார்ந்து, கட்டில் ஆட ஆடச் சிரிக்கறாங்க. “எனக்கு அப்பவே தோணுச்சு. அந்த இழுப்பு, அந்தக் குத்தல், அப்படியே மாதவி! அவ தொண்டைய உரிச்சு வச்சிருக்க!” இப்ப அடுத்த பாகத்துக்கு அவங்களே வசனம் சொல்லித் தராங்க, “மாதவி இப்படித்தான் பேசுவா”ன்னு. எல்லாம் அவங்க தினமும் பேசறதுதான்.

அதோட விடல மாமா. சந்தோஷம் தாங்காம அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க. அத்தைக்கு ஒரே கோபம். “நான் வீட்டுல பேசறது அவளுக்கு எப்படித் தெரியும்? இவருதான் சொல்லிக் குடுத்திருக்கார். ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போறப்போ போன வீட்டுலதான் வச்சுட்டுப் போவார், நான் பாத்துக்கறேன்”ன்னாங்க. ஸ்பீக்கர்ல நானே கேட்டேன். அந்தப் போன்லதான மாமா நீங்க எனக்கு எழுதியிருக்கீங்க, ‘ரமணி அக்காவே தோத்துச்சு போ’ன்னு? அத அத்தை பார்த்தா அடுத்த நிமிஷமே பெரியம்மாவுக்கு அனுப்பிருவாங்க. வாட்ஸாப்புல எச்சரிக்கலாம்னா, இனிமே புதுசா எது வந்தாலும் அத்தை உங்க தோளுக்குப் பின்னாடி நின்னு படிப்பாங்க. அதனால இந்தக் கடுதாசி சனிக்கிழமைக்குள்ள வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டுப் போடறேன். எனக்குப் போன் வேண்டாம் மாமா, நீங்க வாங்கிக்கோங்க. ஞாயித்துக்கிழம மட்டும் கோயிலுக்குப் போகாதீங்க.