கிணற்றடியில் நான் அழவில்லை

நெல்லியடி ஸ்பீக்கர் அண்ணை ஒரு கள்ளன். என் குடும்பச் சண்டையைத் திருடித் தொலைக்காட்சியில் போட்டவர்.

வடமராட்சியில் அவருக்கு நிகரான விசரன் இல்லை. திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது தொழில். பக்கத்தில் நிற்பவருடனும் புத்தூருக்குக் கேட்கத்தான் கதைப்பார். தேத்தண்ணி கேட்க முன்னும் "ஹலோ, ஹலோ" என்று தொண்டையைச் சோதிப்பார். இந்த மனிதரிடம் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று சனிக்கிழமை மாலை நகைச்சுவைத் தொடரைக் கொடுத்தது. எழுத்து அவர், இயக்கம் அவர், தகப்பன் அவர், சேலை கட்டினால் தாயும் அவர். ஒருமுறை தன்னைத்தானே அறைந்துவிட்டு, அடி சரியில்லை என்று ஆறு தரம் அறைந்தார்.

அது அவருடைய கன்னம். என் கதையில் ஏன் கை வைத்தார்?

எனக்கும் தங்கைக்கும் கரவெட்டியில் பங்குக் கிணறு. செவ்வாயும் வெள்ளியும் நான் வெங்காயத்துக்கு இறைக்கும் நாட்கள். ஒரு செவ்வாய் அவள் மோட்டரைப் போட்டாள். நான் கத்தியெடுத்து அவளுடைய குழாயை வெட்டினேன். அதிலிருந்து மூன்று வருடம் எங்களுக்குள் கதைபேச்சில்லை. "அந்த மனிசனை வாளியை வைக்கச் சொல்லுங்கோ" என்று வேலியைப் பார்த்துச் சொல்வாள். வேலி எனக்கு ஒன்றும் சொல்லாது. அவளுடைய மகள் பெரியபிள்ளையானால் தாய்மாமன் நான்தான் முன்னுக்கு நிற்க வேண்டும். அதற்கும் கூப்பிடமாட்டாள் என்று ஊர் முழுக்கக் கதை.

என் கூரையில் ஸ்பீக்கர் கட்ட வந்தவரிடம் வாய்தவறி இதைச் சொன்னேன். ஏணியில் நின்றபடியே கேட்டார்.

"பிறகு, தம்பி?"

"பிறகென்ன? அவளின்ரை வெங்காயம் வாடிப்போச்சு."

"உமக்கு?"

"என்ரை நல்லாய் நிண்டது."

"நான் வெங்காயத்தைக் கேக்கேல்லை."

இரண்டு மாதத்தில் தொடரில் ஒரு அண்ணன், ஒரு தங்கை, ஒரு கிணறு. அண்ணன் ஸ்பீக்கர் அண்ணையேதான். என்னுடைய கோடு போட்ட சாரம், என்னுடைய மீசை. கடைசியில் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து, "தங்கச்சி, குழாயை வெட்டினது பிழையடி" என்று ஒப்பாரி வைக்கிறார். பிறந்ததிலிருந்து நான் அப்படி அழுததில்லை!

மறுநாள் காலை தங்கை என் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பாத்தனான், அண்ணை. நேரை சொல்ல வெக்கப்பட்டு உந்த மனிசனிட்டைச் சொல்லிவிட்டிருக்கிறியள், என்ன?"

"நான் ஒண்டும் சொல்லிவிடே..."

என் மனைவி காலை மிதித்தாள்.

"பிள்ளை பெரியபிள்ளையாயிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணி வார்வை. உங்களை எப்பிடிக் கேக்கிறதெண்டு நாலு நாளாய்ச் சோறு இறங்கேல்லை. வருவியள்தானே?"

அந்த இடத்தில் நின்று, அழுதது நானில்லை என்று எந்த மனிதன் வாதாடுவான்?

"ஓம், வாறன்" என்றேன்.

போனேன். தேங்காய் உடைத்தேன். மருமகள் காலில் விழுந்து எழும்பியபோது என் கண்ணில் புகை பட்டது. உடனே ஒருவர், "ரிவியிலை இதைவிட வடிவாய் அழுதனீர்" என்றார்.

ஸ்பீக்கர் அண்ணை, இந்த அவமானத்துக்கு நீங்கள் இந்தப் பத்திரிகையிலேயே, ஊர் வாசிக்கப் பதில் எழுத வேண்டும். அவளிடம் மன்னிப்புக் கேட்க மூன்று வருடமாக நான் வழி தேடியதை என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கு யார் சொன்னது?