குணவதியின் இலக்குகளை யாரோ முடிக்கிறார்கள்

14 ஜூலை 2025, திங்கள்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். மாலை வகுப்பின் வீட்டுப்பாடத்தை என் சொந்தக் கணக்கில் போடாமல் ஆபீஸ் கணக்கில் போட்டுவிட்டேன். தமிழில் எழுதியிருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறேன். நான் நினைப்பது சரியா என்று தெரியவில்லை.

குணவதி நாட்குறிப்பை மூடினாள். மறுபடி திறந்து 'சின்ன' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டாள். பிறகுதான் படுத்தாள்.

பீடோங் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் வாரம் இரண்டு மாலை ஆபீஸ் நிர்வாக வகுப்பு நடக்கிறது. ஆசிரியர் டேரன் அன்று ஒரு ஆன்லைன் பலகையைக் காட்டினார். அதில் அட்டை அட்டையாக இலக்குகளை எழுத வேண்டும். நாள் குறித்துவிட்டால், அந்த நாளில் அட்டை தானாகவே 'இன்று' என்ற வரிசைக்கு வந்துவிடும். செய்து முடித்ததும் ஒரு தட்டுத் தட்டினால் 'முடிந்தது' வரிசைக்குப் போய்விடும்.

"இன்னொரு விஷயம்," என்றார் டேரன். "நான், எனக்குன்னு எழுதாதீங்க. வேற யாருக்கோ உத்தரவு போடுற மாதிரி எழுதுங்க. அப்பதான் மனசு சாக்குச் சொல்லாது."

குணவதி எதையும் சொன்னபடி செய்கிறவள். நான்கு உத்தரவுகள் எழுதினாள்.

செவ்வாய்: மேசை மேல் ஒரு தாள்கூட இருக்கக் கூடாது.

புதன்: ஒரு நாளைக்கு ஒரு கோப்பிக்கு மேல் கூடாது.

வியாழன்: அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

வெள்ளி: பயப்படாமல் ரோனால்ட் சாரின் முகத்தைப் பார்த்து, குணவதியை நிரந்தரமாக்கச் சொல்ல வேண்டும்.

கடைசி அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் அனுப்பினாள். செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்து ஆறு மாதம். வெள்ளிக்கிழமையோடு தவணை முடிகிறது. நிரந்தரமாகாவிட்டால் ஜித்ராவில் சித்தியின் தையல் கடைக்குப் போய்ப் பித்தான் தைக்க வேண்டும் என்று அம்மா முடிவே செய்துவிட்டார். போதாததற்கு, பெரிய கிராணி கேதரின் அக்காவின் அண்ணன் மகள் ஜெசிகா அதே வேலைக்கு மனுப் போட்டிருந்தாள்.

ஆபீஸிலும் இதே பலகைதான். ஆபீஸ் கணக்கில் குணவதி புதிய அட்டை சேர்க்கலாம். போட்டதை அழிக்கவோ திருத்தவோ முடியாது. அந்த உரிமை கேதரின் அக்காவிடம் மட்டும்தான். அவரிடம் போய், 'அக்கா, வெள்ளிக்கிழமை அட்டையை அழித்துவிடுங்கள்' என்று கேட்பதற்கு, ஜெசிகாவுக்குத் தானே நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் கேதரின் அக்காவும் மேனேஜர் ரோனால்ட் சாரும் மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள். தமிழை மணி மணியாகப் பேசுவார்கள். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தப் பூட்டை நம்பித்தான் அவள் தூங்கினாள்.

செவ்வாய் காலை எட்டு மணிக்குக் குருண் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய குணவதி, ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவள் மேசை மேல் ஒரு தாள்கூட இல்லை. கேதரின் அக்காவின் மேசை மேலும் இல்லை. உள்ளே ரோனால்ட் சாரின் மேசை, கடையில் இப்போதுதான் வாங்கியது போல மின்னியது.

"குணா, என் செக்ரோல் எங்க?" கேதரின் அக்கா இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினார். "முப்பத்தொரு பேரோட வருகை அதுலதான்லா இருக்கு."

"எனக்குத் தெரியாதுக்கா. நான் இப்பதான் வர்றேன்."

ரோனால்ட் சார் அறையிலிருந்து வெளியே வந்தார். "என் லெட்டரெல்லாம் எங்க? நேத்து சைன் பண்ணதெல்லாம் மேசை மேலதான் வச்சேன்."

ஒரு மணி நேரம் தேடிய பிறகு, ஸ்டோரில் மூன்று உரச் சாக்குகளில் தாள்கள் கிடைத்தன. மூன்று மேசைக் காகிதமும் சோறும் குழம்பும் போலக் கலந்திருந்தது.

குணவதி போனை எடுத்துப் பலகையைப் பார்த்தாள். செவ்வாய் அட்டை 'முடிந்தது' வரிசையில் இருந்தது. நேரம், காலை ஆறு ஐம்பது. அப்போது அவள் வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

யாரோ வாசிக்கிறார்கள். வாசிப்பது மட்டுமல்ல, செய்தும் முடிக்கிறார்கள்.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். அழிக்க முடியாது. ஆனால் எச்சரிக்கலாம். புதிதாக ஒரு சிவப்பு அட்டை போட்டாள்: 'தமிழில் உள்ள அட்டைகள் மிக முக்கியம். யாரும் விளையாடக் கூடாது.'

புதன்கிழமை ஒன்பது மணிக்குச் செல்லாயி கோப்பி கொண்டுவந்தார். காலையில் காட்டில் புல் வெட்டும் கூட்டத்தோடு பெயர் கொடுத்துவிட்டு, பிறகு ஆபீஸைக் கூட்டிப் பெருக்கிக் கோப்பி கலக்குகிறவர். பத்தரைக்கு ரோனால்ட் சார் வழக்கம் போல இன்னொன்று கேட்டார்.

"இல்ல சார்," என்றார் செல்லாயி.

"சீனி இல்லையா?"

"சீனி இருக்கு. தூளு இருக்கு. தண்ணியும் கொதிக்குது. உங்களுக்கு ஒன்னு ஆயிருச்சு சார்."

ஒரு நாளைக்கு ஐந்து கோப்பி குடிக்கிற மனிதர், அதிர்ச்சியில் நாற்காலியில் சாய்ந்தார். தலைமை ஆபீஸ் ஏதோ சிக்கனம் சொல்லியிருக்கிறது போல என்று தானாகவே முடிவு செய்துகொண்டு, நெற்றிப்பொட்டைப் பிடித்தபடி கதவைச் சாத்தினார்.

குணவதி அடுக்களைக்கு ஓடினாள். "செல்லாயி அக்கா, ஒரு கோப்பிதான்னு யாரு சொன்னது?"

"உத்தரவு, கிராணியம்மா."

"யாரோட உத்தரவு?"

செல்லாயி மோவாயை உயர்த்தி விட்டத்தைக் காட்டினார். "மேல இருந்து வந்துச்சு. சிவப்பு வேற போட்டிருந்துச்சு. விளையாட முடியுமா?"

குணவதிக்குப் புரிந்துவிட்டது. மேலே என்றால் தலைமை ஆபீஸ். அலோர் ஸ்டாரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு, தன் இலக்குகளை வாசித்து, தோட்டம் முழுக்க உத்தரவாக அனுப்புகிறார்கள். ஆறு மாதத் தவணையில் இருப்பவளுக்குச் சோதனை வைக்கிறார்கள்.

அன்று வகுப்பு இல்லை. இருந்தும் டேரன் சொன்னதை நோட்டில் பார்த்தாள்: இலக்கு சவாலாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் நடப்பது சவாலா? தலைமை ஆபீஸ் என்ன நினைக்கும்? சோம்பேறி என்று நினைக்கும். உடனே ஓர் அட்டை சேர்த்தாள்: 'அரை மணி போதாது. ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். மோட்டாரைத் தொடக் கூடாது.'

வியாழக்கிழமை காலை தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியவள், பிரேக்கைப் பிடித்தாள்.

எதிரே மனிதர்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். அறுவடைக்காரர்கள் நீண்ட கம்பரிவாளைத் தோளில் சாய்த்திருந்தார்கள். தலையில் சாக்கு, கையில் சோற்றுத் தூக்கு. வரிசையின் கடைசியில், பெரிய வயிற்றைச் சுமந்துகொண்டு, இவர்களை வேலை வாங்கும் மண்டோர் தர்மலிங்கம் மூச்சு வாங்கினார்.

"அண்ணே, மோட்டார் என்னாச்சு?"

"தொடக் கூடாதாம்மா."

"எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல. இன்னும் இருபது நிமிஷம் பாக்கி இருக்கு." கடிகாரத்தைப் பார்த்தார். "முடிச்சிட்டுதான் பழம் வெட்டணும். இந்த வயசுல இது தேவையா சொல்லுங்க. ஆனா உத்தரவுன்னா உத்தரவு."

அவளும் மோட்டாரை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டே போனாள். உட்கார்ந்து போகத் தைரியம் வரவில்லை.

ஆபீஸில் ரோனால்ட் சார் தொலைபேசியில் வியர்த்துக்கொண்டிருந்தார். ஆலைக்குப் போக வேண்டிய லாரி காலியாக நின்றது. பழம் ஏன் தாமதம் என்று தலைமை ஆபீஸ் கேட்டது.

"அவங்களே நடக்கச் சொல்லிட்டு அவங்களே ஏன்னு கேக்குறாங்க," என்று குணவதி வாய்க்குள் முணுமுணுத்தாள். எவ்வளவு கொடுமையான சோதனை.

அன்று மாலை வீட்டில் நாட்குறிப்பைத் திறந்து மூன்று வரிசை போட்டாள். என் தவறு. அதன் விளைவு. செய்யக்கூடியது. மூன்றாவது வரிசையில் எதுவும் தோன்றவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை அட்டை வரும். 'குணவதியை நிரந்தரமாக்கச் சொல்.' தானே தனக்குச் சிபாரிசு எழுதிய கிராணியைப் பார்த்துத் தலைமை ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதற்கு முன்னால் தானே போய்விட்டால் மரியாதையாவது மிஞ்சும்.

எழுதி வைத்தால் தைரியம் வரும் என்று டேரன் சொல்லியிருக்கிறாரே. போனை எடுத்துச் சனிக்கிழமைக்கு ஓர் அட்டை போட்டாள்: 'காலை எட்டு மணிக்கு ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட வேண்டும். யார் தடுத்தாலும் கேட்கக் கூடாது.'

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஆபீஸ் வாசலிலிருந்து லாரிக் கொட்டகை வரை வரிசை நின்றது. தோட்டத்தின் முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். தர்மலிங்கம் முதலில், செல்லாயி துடைப்பத்தோடு கடைசியில். ஒவ்வொருவராக ரோனால்ட் சாரின் அறைக்குள் போனார்கள். பத்து விநாடியில் வெளியே வந்தார்கள்.

"கம்ப்ளேன் பண்றாங்க போல," என்றார் கேதரின் அக்கா, முகம் வெளுத்து. "பதினேழு வருஷத்துல இப்படி நான் பாத்ததில்லலா. யாரு மேலன்னு தெரியல."

குணவதிக்குத் தெரிந்திருந்தது. கோப்பி போனது, மோட்டார் போனது, எல்லாம் யாரால் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓடுவதற்கு வசதியாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

செல்லாயி வெளியே வந்ததும் உள்ளிருந்து குரல் வந்தது. "குணவதி."

ரோனால்ட் சார் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார். பேயைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

"உட்காரு. தண்ணி இருக்கா? எனக்குக் குடு." குடித்தார். "முப்பத்தொரு பேரு. உள்ள வர்றாங்க. என் மூஞ்சிய உத்துப் பாக்குறாங்க. கண்ணுகூடச் சிமிட்டல. 'குணவதிய நிரந்தரமாக்குங்க'ங்கறாங்க. போயிடறாங்க. ஒரு பங்களாப் பையன், பங்களாதேஷ்லேர்ந்து வந்தவன், தமிழே தெரியாது, 'குணாவதி, துவான், பெர்மனன்'னு மலாய்ல சொல்றான். அவன முன்ன பின்ன பாத்திருக்கியா?"

"இல்ல சார்."

"நானும் மேனேஜராத்தான் இத்தனை வருஷம் இருக்கேன். எனக்காக ஒரு நாய்கூட வரிசையில நின்னதில்ல." இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். ஓரத்தில் உரத் தூள் ஒட்டியிருந்தது. "இத நான் திங்கக்கிழமையே சைன் பண்ணி மேசை மேல வச்சிட்டேன். நேத்துதான் சாக்குல கிடைச்சுது. இந்தா."

நிரந்தர வேலைக் கடிதம். குணவதி இரண்டு முறை வாசித்தாள். பெயர் சரியாக இருக்கிறதா என்று மூன்றாம் முறையும் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

வெளியே கேதரின் அக்கா கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெசிகாவுக்குச் சுங்கைப்பட்டாணியில வேலை கிடைச்சு ரெண்டு வாரமாச்சு. உனக்குத் தெரியாதா?"

அன்று முழுவதும் அவள் கால் தரையில் படவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். சித்தியைக் கூப்பிட்டு, பித்தானுக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னாள். தலைமை ஆபீஸைப் பற்றியோ பலகையைப் பற்றியோ நினைக்கவே இல்லை. நான்கரை மணிக்குக் கேதரின் அக்கா ஜித்ராவில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார். ஞாயிறு வரை போனைத் தொடப்போவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து மணிக்கு மோட்டாரை எடுக்கப் போனவளைச் செல்லாயி வழிமறித்தார். கையில் ஒரு கட்டு வெள்ளைத் தாள், காதில் பேனா.

"கிராணியம்மா, ஒரு உதவி. எங்களுக்கு எழுத வராது. ஒன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா பாத்து எழுதிக்குவோம்."

"குடுங்கக்கா. என்ன எழுதணும்?"

"ராஜினாமாக் கடிதம்."

குணவதி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "யாருக்கு?"

"எங்க முப்பத்தொரு பேருக்கும்தான். விடிகாலைப் பெரட்டுல முன்னல்லாம் மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை சொல்லுவாரு. இப்ப சார் டிவி மாட்டிட்டாருல்ல, ஆபீஸ்ல போடுற அட்டையெல்லாம் அதுலதான் வருது. தர்மலிங்கம் அண்ணன் வாசிப்பாரு, பங்களாப் பசங்களுக்கு மலாய்ல சொல்லுவாரு, முடிச்சதும் தட்டி விடுவாரு. டிவியில வந்தா கேள்வி கேக்காம செய்யணும்னு சாரே சொல்லியிருக்காரு. நாளைக்கு எட்டு மணிக்கு ராஜினாமான்னு டிவி ஓரத்துல இப்பவே வந்திருச்சு. விடிஞ்சு 'இன்று' வரிசைக்கு வந்ததும் குடுத்திடணும்."

குணவதி மோட்டார் சாவியைக் கீழே போட்டாள். அவள் எட்டு மணிக்கு வரும் முன்பே பெரட்டு கலைந்துவிடும். அந்த டிவியில் ஏதோ பாதுகாப்புப் படம் ஓடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"அக்கா," என்றாள். "வேணாம். யாரும் குடுக்காதீங்க. அது தப்பா வந்திருச்சு. நான் சொல்றேன்ல."

செல்லாயி அவளைப் பரிவோடு பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நீங்க தடுப்பீங்கன்னுதான், யாரு தடுத்தாலும் கேக்கக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்காங்க கிராணியம்மா."

18 ஜூலை 2025, வெள்ளி.

வேலை நிரந்தரமானது. திங்கட்கிழமை 'சின்னத் தவறு' என்று எழுதியதில் 'சின்ன' என்பதை அடித்துவிட்டேன்.

நாளைய வேலை: காலை ஐந்து மணிக்கெல்லாம் பெரட்டுக்குப் போய் டிவியின் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.