நிதானத்தின் முதல் குற்றம்

ஓட்டுநர் உரிமத்தைப் பறிகொடுக்க எத்தனையோ வழிகள் உண்டு. குடித்துவிட்டு ஓட்டலாம். கைப்பேசியில் சம்பந்தியோடு சண்டை போட்டுக்கொண்டே வளைவில் திரும்பலாம். ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு வெளுத்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோகும் வேன்காரர் கண்டுபிடித்த வழி சட்டத்துக்கே புதுசு. ஊரார் 'நிதானம்' என்று கூப்பிடும் அந்த மனிதர் இருபத்தெட்டு வருடமாக ஒரு தப்பும் செய்யவில்லை.

உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. நாலாம் நம்பர் ஜன்னல் கிளார்க் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க பேர்ல ஒரு அபராதம்கூட இல்லையே?"

"ஆமாங்க சார்," என்றார் நிதானம் கூச்சத்தோடு. எழுந்து நின்று கைகொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார், பாவம்.

"அபராதம் இருந்தாத்தான் நடத்தைப் பதிவு இருக்கும். பதிவு இருந்தாத்தான் பரிசீலிக்க முடியும். பரிசீலிச்சாத்தான் புதுப்பிக்க முடியும். உங்களுக்கு நடத்தையே இல்லையே!"

"நல்ல நடத்தை சார்."

"ஆதாரம்?"

"தப்பு பண்ணலையே, அதுதான் சார்."

"பண்ணாததுக்கு எவன் சார் ரசீது குடுப்பான்?" கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடிப்படையில் இரக்கமுள்ளவர். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது ஒண்ணு பண்ணிட்டு வாங்க. சின்னதாப் போதும். இல்லேன்னா 'வாகனம் ஓட்டியதற்கான அறிகுறி இல்லை'ன்னு எழுதி ரத்து பண்ணிடுவாங்க."

உரிமம் போனால் வேலை போகும். சனிக்கிழமை காலை உரிமத்தைக் காட்டு, இல்லையென்றால் வேன் சாவியைக் கொடு என்று சலவைக்கூட முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

வீட்டிலும் ஆறுதல் இல்லை. "அவனவன் கண்ணை மூடிக்கிட்டுப் பண்றான். உங்களுக்கு ஒண்ணு பண்ணத் துப்பில்லையா?" என்றாள் மனைவி.

அவள் தம்பி தண்ணீர் லாரி ஓட்டுபவன். பன்னிரண்டு அபராதப் புள்ளி சேர்ந்தால் உரிமம் முடங்கும் என்பது சட்டம். அவன் கணக்கில் முப்பத்தொன்று. "மாமா, என் ஃபைலைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். எதைப் பார்த்து முடக்குறதுன்னு தெரியாம, போனா உட்கார வெச்சு டீ குடுக்குறாங்க," என்றான் பெருமையாக.

புதன்கிழமை நிதானம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழிச் சாலையில் எதிர்த்திசையில் நுழைந்தார். தெருவே அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. சரியான திசையில் வந்த ஒரே ஒரு ஸ்கூட்டர்காரரை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை 'வண்டி நிறுத்தாதீர்' பலகைக்கு நேர் கீழே நிறுத்தினார். போலீஸ்காரர் ஓடி வந்தார். நிதானத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் ஒட்டி நிறுத்துங்க சார், பின்னால ஒரு வண்டி நிக்கட்டும்."

"சார், நான் சீட் பெல்ட்டும் போடல."

"அதனால?"

"அபராதம் போடுங்க."

"இந்த வாரம் போட வேண்டிய அபராத எண்ணிக்கை முடிஞ்சுது. திங்கக்கிழமை வாங்க."

"நாளைக்குள்ள வேணும் சார். பெல்ட், பார்க்கிங் ரெண்டையும் சேர்த்து ஒண்ணாப் போட்டாலும் சரி."

போலீஸ்காரரின் முகம் மாறியது. மேலிடத்து ஆள் வேஷம் போட்டு வந்திருக்கிறான் என்று முடிவு கட்டியவர், தன் கையாலேயே நிதானத்துக்கு பெல்ட்டை மாட்டி, விறைப்பாக ஒரு சல்யூட்டும் வைத்து அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மதியம், இனி ஆவதற்கு ஒன்றுமில்லை என்று நிதானம் ஆபீசுக்குக் கிளம்பினார். நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. குறுக்கே ஈ காக்கை இல்லை. ஆனாலும் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது.

பின்னால் இருபது வண்டிகள் கிறீச்சிட்டு நின்றன. ஹாரன்கள் அலறின. ஆட்கள் இறங்கி வந்தார்கள்.

"யோவ், எதுக்குய்யா நின்ன?"

"சிவப்புங்க."

"அதான் போலீஸ் இல்லையே!"

போலீஸ் இருந்தார், மர நிழலில். நேற்றைய ஆள் அல்ல, வேறொருவர். சத்தம் தாங்காமல் வந்து, "யாரு நின்னது?" என்றார். இருபது விரல்கள் நீண்டன. விபத்தில் அடிபட்டவனுக்கு ஒரு சாட்சி கிடைக்காத அந்த ஊரில், பதினெட்டுப் பேர் முண்டியடித்துக் கையெழுத்துப் போட்டார்கள். 'காரணமின்றிச் சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு, பொதுமக்களின் பயணத்துக்கு ஊறு விளைவித்தது' என்று சீட்டு எழுதப்பட்டது. நிதானம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

சீட்டைப் படித்த கிளார்க்குக்கு வருத்தம். "சின்னதா பண்ணுங்கன்னா, இப்படியா போய் நடுரோட்டுல நிப்பீங்க? சரி, முதல் தடவை. உறுதிமொழி எழுதிக் குடுத்தா உரிமம் தர்றேன்."

'இனி எக்காரணம் கொண்டும் நிற்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார் நிதானம். முத்திரை விழுந்தது. உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேனை எடுத்தார்.

நாற்சந்தியில் மறுபடியும் சிவப்பு. அவர் நிற்கவில்லை. மர நிழலில் இருந்த போலீஸ்காரர், ஆள் திருந்திவிட்டான் என்று திருப்தியாகத் தலையசைத்தார்.

நிதானத்தின் பின்னாலேயே நாமும் நிற்காமல் போய்விட்டோம்.