ஷஹாத்தா கையில் சாவி

எலுமிச்சம்பழத்தை மூன்றாவது தடவை தேய்த்தும் ஷஹாத்தாவின் விரல்களில் இருந்த ரோஸ் நிறம் போகவில்லை. இருபது வருடமாக ஷுப்ரா தெருக்களில், பீட்ரூட் சாற்றில் டர்னிப் கிழங்கை ஊறுகாய் போட்டு விற்கிற கை. அது ஒரே காலையில் வெளுத்துவிடுமா என்ன?

மகள் ருக்கையாவுக்கு ஏழாம் வகுப்பில் இடம் கேட்டிருந்தது, பணக்காரர்கள் வசிக்கும் ஜமாலிக்கில் நைல் நதியைப் பார்த்தபடி இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்தில். அங்கே பிள்ளையைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் பெற்றவர்களைக் கேட்பார்கள். அப்பா என்ன படித்தார், என்ன வேலை, வீட்டில் என்ன மொழி. ருக்கையா கணக்கில் புலி. தன்னால் அவள் படிப்பு கெட்டுவிடுமோ என்று ஷஹாத்தாவுக்கு ஒரு வாரமாக வாயில் வைத்த ரொட்டி இறங்கவில்லை.

அந்தப் பயத்துக்கு மனைவி நஜாத் முதல் மருந்து போட்டாள். விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'டாக்டர்' என்று எழுதிவிட்டாள்.

"எந்த டாக்டர்னு கேட்டா?"

"டாக்டரை யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, ருக்கையா அப்பா. அவர்தான் நம்மளைக் கேப்பார்."

ஒத்திகை நடந்தது. நஜாத் தலைமையாசிரியை போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நலம் விசாரித்தாள். ஷஹாத்தாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

"கிலோவா, அரைக் கிலோவா?" என்றார்.

அதோடு அந்த யோசனை படுத்துவிட்டது. நஜாத்தின் அண்ணன் வஹீதைக் கூப்பிட்டார்கள். அவர் நிஜ டாக்டர். மாடுகளுக்குத்தான். ஆனால் சான்றிதழில் மாட்டின் படமா போட்டிருக்கிறது? அவரே அப்பாவாகப் போவதாக முடிவானது.

பாபா வராவிட்டால் நானும் போக மாட்டேன் என்று ருக்கையா அடம்பிடித்தாள். வேறு வழியில்லாமல் ஷஹாத்தா அந்தக் குடும்பத்தின் டிரைவர் ஆனார்.

"அங்க மாமாவை பாபான்னு கூப்பிடணும். பாபாவை, டிரைவரைக் கூப்பிடற மாதிரி உஸ்தான்னு கூப்பிடணும்," என்று நஜாத் சொல்லிக்கொடுத்தாள்.

ருக்கையா விரல் மடக்கி எண்ணினாள். "எத்தனை நாளைக்கும்மா? படிப்பு முடியற வரைக்குமா?"

ஷஹாத்தா எழுந்து போய் மறுபடி கை கழுவினார்.

வாழ்நாளில் தள்ளுவண்டியைத் தவிர வேறெதையும் அவர் ஓட்டியதில்லை. அதனால் வஹீதே காரை ஓட்டிவந்தார். பதற்றத்தில் பள்ளி வாசலுக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டு இறங்கி, சாவியை ஷஹாத்தாவிடம் கொடுத்தார்.

"விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே நில்லுங்க மச்சான். எல்லா டிரைவரும் அப்படித்தான் நிப்பாங்க."

உள்ளே போகப் போன ருக்கையா திரும்பினாள். "பாபா, தண்ணி பாட்டில்."

ஷஹாத்தாவின் கை தானாக நீண்டது. வஹீத் பாய்ந்துவந்து பாட்டிலைப் பிடுங்கிக் கொடுத்தார். வாசலில் நாற்காலி போட்டுப் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த காவலாளி இத்ரீஸ் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினார். ஷஹாத்தா அவசரமாகச் சாவியைச் சுற்ற ஆரம்பித்தார்.

மர நிழலில் ஐந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். ஐவர் விரலிலும் சாவி சுற்றிக்கொண்டிருந்தது. அவர்களிடம் வாய் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும், உடைந்தால் மகளைக் கையைப் பிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று ஒதுங்கியே நின்றார். ஆனால் அவர்களே நகர்ந்து இடம் கொடுத்துவிட்டார்கள்.

"உங்க வண்டிக்கு எத்தனை சிலிண்டர், உஸ்தா?" என்றார் ஒருவர். அவர் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது.

ஷஹாத்தாவுக்குத் தெரிந்தது வீட்டு அடுப்படியில் இருப்பதுதான். "ஒண்ணு. காலியானா மாத்த இன்னொண்ணு இருக்கு."

ஐந்து பேரும் பலமாகத் தலையாட்டினார்கள். "அது போதும்," என்றார் இன்னொருவர். அவருடைய காலரில் நூல் கோத்த ஊசி குத்தியிருந்தது. பணக்கார வீட்டு டிரைவர் என்றால் தையலும் தெரிந்திருக்க வேண்டும் போல என்று ஷஹாத்தா இன்னும் கொஞ்சம் பயந்தார்.

அப்போதுதான் பள்ளிப் பேருந்து வந்து நின்று ஹாரன் அடித்தது. வாசலை அடைத்துக்கொண்டிருந்தது வஹீதின் கார்.

"அந்த வெள்ளை வண்டியை எடுங்கப்பா," என்றார் இத்ரீஸ்.

ஷஹாத்தா காரில் ஏறினார். கைக்குக் கிடைத்ததைத் திருகினார். வெயில் கொளுத்தும்போது கண்ணாடியில் துடைப்பான் ஆடியது. இறங்கிவிட்டார்.

"முதுகு பிடிச்சுக்கிச்சு. நீங்க கொஞ்சம் எடுத்து விடுங்க," என்று சாவியை மாவுப் புருவக்காரரிடம் நீட்டினார்.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் தனக்கு இன்று கண் சரியில்லை என்று ஊசிக்காரரிடம் கொடுத்தார். ஊசிக்காரருக்குக் கால் சுளுக்கு. அடுத்தவர் வெள்ளை வண்டி ஓட்டுவதில்லை என்று நேர்ந்துகொண்டிருந்தாராம். சாவி ஆறு கைகளையும் சுற்றிவிட்டு ஷஹாத்தாவிடமே திரும்பி வந்தது. எல்லோரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பேருந்து மறுபடி ஹாரன் அடித்தது.

இத்ரீஸ் மடியிலிருந்த விதைத் தோலைத் தட்டிவிட்டு மெதுவாக எழுந்து வந்தார்.

"வருஷா வருஷம் இதே கூத்துதான். முதலாளி ஓட்டிக்கிட்டு வர்றார், டிரைவர் பக்கத்துல உக்காந்து வர்றான். அதை விடுங்க, நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. உள்ள இருக்கற பிள்ளைங்களைப் பெத்த அப்பனுங்க இத்தனை பேர் நிக்கறீங்களே, ஒருத்தனுக்காவது வண்டி ஓட்டத் தெரியுமா?"