லிஃப்ட் மெக்கானிக் குடிபோன கதை

அந்த வீட்டுக்குக் குடிபோகக் கூடாது என்று முடிவெடுத்தேன். சாதாரண முடிவு இல்லை, இறுதி முடிவு. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு என்பதால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது முடிவாக இருக்காது, விவாதமாகிவிடும். எங்கள் வீட்டில் விவாதம் என்றால் அவள் பேசுவாள், நான் தலையாட்டுவேன், கடைசியில் "நீங்கதானே சரின்னு சொன்னீங்க" என்று தீர்ப்பு என் பேரிலேயே எழுதப்படும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஊர் நடுவே நெருக்கியடித்து நிற்கும் உயரமான கட்டடங்களில் பதினோரு கட்டடத்து லிஃப்டுகள் என் பொறுப்பு. நான் குடியிருப்பதோ ஊர்க்கோடியில், தரைத்தளத்தில், வாசலில் ஒரு படிகூட இல்லாத வீட்டில். அது தற்செயலாக அமைந்ததில்லை, தேடிப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே என்னை யாரும் தேடி வர மாட்டார்கள். ஒன்பது மணிக்கு எழுந்து, பேப்பரை விரித்து, அதையே முகத்தில் போர்த்திக்கொண்டு பதினொன்று வரை மறுபடி தூங்குவேன். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் நான் ஏறி இறங்குகிறேன்.

என் மனைவி தையல்காரி. கிழிசல் தைக்கிறவள் இல்லை. ஊர் நடுவே ஆபீஸ்களில் வேலை பார்க்கும் பெண்களில் பாதிப் பேர் உடம்பில் இருப்பது அவள் தைத்த உடை. வாரத்தில் நாலு நாள் துணிமூட்டையோடு இரண்டு பஸ் மாறிப் போய், அளவெடுத்து, போட்டுப் பார்க்க வைத்து, திருத்த வேண்டியதை மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு வருவாள். போன மாதம் பஸ்ஸில் ஒரு பருத்த மனுஷர் அந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு மேனேஜர் அம்மாவின் புதுக் கோட்டு இருந்தது. வீட்டுக்கு வந்து அதை விரித்துப் பார்த்தவள் அழவில்லை. இனி பஸ் ஏறப் போவதில்லை, அங்கேயே வீடு பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். நியாயம்தான். எனக்கே அன்றைக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

ஆனால் அவள் பார்த்த வீடு எது என்று கேளுங்கள். இருபத்திரண்டு மாடிக் கட்டடம். பதினேழாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டுகள் இரண்டும் என் கையால் எண்ணெய் போட்டவை.

டாக்டர் ஆஸ்பத்திரி வராந்தாவிலா குடியிருக்கிறார்? எங்கள் கம்பெனிப் பக்கத்தில் ஒரு குழாய்க்காரர் இருக்கிறார். தான் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே வீடு வசதி என்று போனவர். ஒன்பது வருஷமாக அவர் ஒரு வேளைச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டதில்லை. தட்டில் கை வைத்தால் கதவில் யாராவது கை வைக்கிறார்கள். மனுஷர் குளிக்கப் போகும்போதும் ரெஞ்சு எடுத்துக்கொண்டு போகிறாராம். எனக்கு அந்த கதி வேண்டாம்.

ஆகவே திட்டம் போட்டேன். என் மனைவிக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், அடைத்த இடம். குளியலறைக் கதவைக்கூட முழுசாகத் தாழ் போட மாட்டாள். கிரீஸிடம் பேசினேன். கிரீஸ் என் உதவி மெக்கானிக். அவன் தொட்ட டீ கிளாஸில்கூட கிரீஸ் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு பார்த்துவிட்டு இறங்கும்போது அவன் மொட்டை மாடியில் லிஃப்ட் மிஷின் ரூமில் இருக்க வேண்டும். நான் மிஸ்டு கால் கொடுத்ததும் லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்த வேண்டும். பத்தே நிமிஷம். விளக்கு எரியும், ஃபேன் ஓடும், ஆபத்து எள்ளளவும் இல்லை. கீழே இறங்கியதும் அவளே "இந்த வீடு வேண்டாங்க" என்பாள். நான் "உன் இஷ்டம்" என்று பெருந்தன்மையாகச் சொல்வேன். கம்பெனிக்குத் தெரிந்தால் என் வேலை போகும். கிரீஸ் தலையைச் சொறிந்தான், அப்புறம் சரி என்றான்.

வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பதினாறாவது மாடியில் அவர் இருக்கிறார், நேர் மேலே பதினேழில் உள்ளதை வாடகைக்கு விடுகிறார். நாங்கள் போனபோது முதலில் என் செருப்பைப் பார்த்தார், பிறகு சட்டைக் காலரைப் பார்த்தார். எனக்கு நாற்பத்தைந்து வயது. கை தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது.

வீடு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு அறை. கூடத்தில் முழுச் சுவருக்கு ஜன்னல். கீழே பஸ்ஸெல்லாம் தீப்பெட்டி அளவுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. என் மனைவி ஜன்னலோரம் போய் நின்று, மிஷின் இங்கே, துணி வெட்டும் மேஜை அங்கே என்று கையாலேயே இடம் போட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் முடிவு லேசாக ஆட்டம் கண்டது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டேன், நிலைத்துவிட்டது.

அப்போதுதான் தலைமையாசிரியை வாயைத் திறந்தார்.

"தையல் மிஷின் சத்தம் நேரா என் தலையில இறங்கும்மா. போன ரெண்டு தடவை நீ வந்தப்பவும் இதைத்தானே சொன்னேன்? எனக்கு ஒத்து வராது."

போன இரண்டு தடவையா? எனக்குத் தெரியாமல் இரண்டு தடவை வந்திருக்கிறாளா? அதைப் பற்றிக் கோபப்படக்கூட எனக்கு நேரமில்லை. மனசுக்குள் குத்தாட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நான் ஒரு விரலையும் அசைக்காமல் காரியம் முடிந்துவிட்டது. என் மனைவி "சரிம்மா" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பெரியவங்க சொன்னால் காரணம் இருக்கும் என்று ஒத்து ஊதினேன்.

இனி லிஃப்ட் நிற்க வேண்டிய அவசியமில்லை. மிஸ்டு கால் கொடுத்தால்தானே நிற்கும்? போனைச் சட்டைப் பையில் ஆழமாகப் போட்டு பட்டனையும் மாட்டினேன். தலைமையாசிரியைக்குக் கீழே கடைக்குப் போக வேண்டியிருந்தது. அவர் லிஃப்டில் தனியாக ஏற மாட்டாராம், யாராவது வரும்வரை வாசலிலேயே காத்திருப்பாராம். என் மனைவி அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். கதவு மூடியது. நான் வெற்றிப் பெருமிதத்தோடு ஜி பட்டனை அமுக்கினேன்.

ஒன்பதுக்கும் எட்டுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

பையைத் தொட்டுப் பார்த்தேன். பட்டன் மாட்டியபடி இருக்கிறது. நான் யாருக்கும் போன் போடவில்லை. அப்படியென்றால் இது நிஜமாகவே நின்றிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமைதான் சர்வீஸ் செய்து கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர் இப்போது நடுங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி மூலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள், உதடு வெளுத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. பத்தொன்பது வருஷப் பழக்கம். லிஃப்டுக்குள் யாராவது பயந்தால் என் குரல் தானாக மாறிவிடும். மெதுவாக, இறங்கி, குழந்தைக்குச் சோறூட்டும் பதத்தில் வரும்.

"அம்மா, ஒண்ணும் ஆகாது. இது ஆறு கயித்துல தொங்குது. அஞ்சு அறுந்தாலும் ஒண்ணே தாங்கும். ஆறும் அறுந்தாலும் கீழே விழ விடாம கவ்விப் பிடிக்க தனியா ஒரு பூட்டு இருக்கு, அதை நானே சோதிச்சிருக்கேன். காத்து மேலேயிருந்து வந்துக்கிட்டே இருக்கு, பாருங்க, கையை இங்கே வையுங்க."

அவர் கையை வைத்துப் பார்த்தார். கதவை மட்டும் தொடாதீர்கள், லிஃப்டுக்குள் இருக்கும்வரை நீங்கள் பத்திரம் என்று சொல்லி, என் கர்ச்சீப்பைத் தரையில் விரித்து அவரை உட்கார வைத்தேன். கிரீஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை ஒரு வக்கீல் பதினெட்டு நிமிஷம் மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து அழுததைச் சொன்னேன். அந்த அம்மாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன். பயம் மறந்து அவர் மூன்று தலைமுறை மாணவர்களைத் திட்ட ஆரம்பித்தார். பத்து நிமிஷம் போயிற்று. இருபது போயிற்று. திட்டி முடித்ததும் அவருக்குப் பழையபடி நடுக்கம் வந்தது.

"இன்னைக்கு நீங்க இருந்தீங்க தம்பி. நாளைக்கு நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

"பயப்படாதீங்கம்மா. நான் இருக்கேன்ல?"

சொல்லிவிட்டேன். எல்லோரிடமும் சொல்வதுதான். சொல்லி முடித்து வாயை மூடுவதற்குள் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"இருப்பீங்களா? எனக்கு மேல்வீட்லயே இருப்பீங்களா?"

மூலையிலிருந்து கண்ணைத் திறக்காமலே என் மனைவி பேசினாள்.

"மிஷின் சத்தம் கேக்குமேம்மா."

"கேக்கட்டும். சத்தம் கேட்டா வீட்ல ஆள் இருக்குன்னு எனக்குத் தைரியமா இருக்கும்."

அதற்கு மேல் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. என் மனைவி கைப்பைக்குள் கைவிட்டு எதையோ துழாவினாள். கர்ச்சீப் தேடுகிறாள் என்று நினைத்தேன். கால் நிமிஷத்தில் லிஃப்ட் நல்ல பிள்ளையாகக் கீழே இறங்கியது. தரைத்தளத்தில் தலைமையாசிரியை இடுப்பிலிருந்த சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் மனைவி கையில் வைத்தார்.

இரண்டு பேரையும் அங்கேயே விட்டுவிட்டு, எதில் பழுது என்று பார்க்கப் பக்கத்து லிஃப்டில் மிஷின் ரூமுக்கு ஓடினேன். கிரீஸ் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தான்.

"நான் மிஸ்டு காலே குடுக்கலையேடா."

"அண்ணி குடுத்தாங்களே அண்ணே."

மெதுவாக விஷயத்தைக் கக்கினான். என் திட்டத்தைத் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவள் வெள்ளிக்கிழமை என் வீட்டில் சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருக்கிறாள். அளவு கொடுக்கிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும், பேசுவதைத் தவிர வேறு வேலை இல்லை. என் மனைவி சனிக்கிழமை கிரீஸைக் கூப்பிட்டுத் திட்டத்தில் சின்னதாக ஒரு திருத்தம் போட்டிருக்கிறாள். உன் அண்ணன் மிஸ்டு கால் கொடுத்தால் கண்டுகொள்ளாதே, நான் கொடுத்தால் நிறுத்து, இரண்டாவது கொடுத்தால் விடு. அதற்கு முன் இரண்டு தடவை அவள் தலைமையாசிரியையோடு லிஃப்டில் இறங்கியிருக்கிறாள். அந்த அம்மா எதற்குப் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரியும். பயந்தவரைக் கண்டால் நான் என்ன செய்வேன் என்பதும் தெரியும்.

திரும்பிப் போகிற பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரிடம் போய் முறையிடுவது? முறையிட்டால் முதல் குற்றவாளி நான். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். அடைத்த இடத்தில் இருபத்தஞ்சு நிமிஷம் நின்றாயே, உனக்குப் பயமாக இல்லையா என்று.

"உயிரே போயிடுச்சு. அப்புறம் நீங்க அந்தக் குரல்ல பேச ஆரம்பிச்சீங்களா, அதைக் கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வீட்ல ஒரு நாளாவது அப்படிப் பேசியிருக்கீங்களா?"

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் சாமான்களைக் கட்டும்போது நான் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. உள்ளதைச் சொல்ல வேண்டும், லிஃப்டுக்காக இதுவரை ஒருத்தர்கூட என் கதவைத் தட்டவில்லை. தட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் சனிக்கிழமைதோறும் நான் இரண்டு லிஃப்டையும் பிரித்து மேய்ந்து பூட்டுகிறேன். ஊரிலேயே ஒழுங்காக ஓடுகிற லிஃப்ட் இப்போது இதுதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மணியிலிருந்து கீழ்மாடி மேல்மாடிப் பெண்களெல்லாம் தடையில்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். கூடத்தில் வரிசை நிற்கிறது. அளவெடுக்க என் மனைவிக்கு இரண்டு கை போதவில்லை. அவ்வளவு நுணுக்கமாக ஸ்க்ரூ முடுக்குகிற விரலுக்குக் கொக்கி தைக்க வராதா என்று கேட்டாள். வந்துவிட்டது. போன வாரம் நாற்பத்திரண்டு கொக்கி. பேப்பர் பிரிக்காமலே கிடக்கிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஊசியை வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் கிரீஸுக்குப் போன் போட்டேன். லிஃப்ட் நின்றால் நான் போய்த்தானே ஆக வேண்டும்? மிஷின் ரூமில் ஸ்டூல் இருக்கிறது, சாய்ந்துகொள்ளச் சுவர் இருக்கிறது. குரலை இறக்கிக் கெஞ்சினேன்.

"டேய், ஆள் இல்லாத நேரமாப் பார்த்து லிஃப்டை ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்தி வையேன்."

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணே."